குகெல்மான் சேகரிப்பு: பாதி அச்சு, பாதி தூரிகை

பெர்ன் நகரிலுள்ள சுவிஸ் தேசிய நூலகத்தின் வரைகலைப் பிரிவில் குகெல்மான் பெயரில் ஒரு தனிச் சேகரிப்பு இருக்கிறது. ஏரிகள், அருவிகள், பனிமலைகள், சிற்றூர்கள், நடுவே கொஞ்சம் நாட்டுப்புற உடைகளும் குடியானவர் வீட்டுக் காட்சிகளும். மொத்தம் 2300-க்கும் அதிகமான தாள்கள். ஆன்மரி, ருடோல்ஃப் குகெல்மான் தம்பதியர் சேர்த்துவைத்து, 1982-இல் நூலகத்துக்குக் கொடுத்தவை. பெரும்பாலானவை 18-ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சுவிட்சர்லாந்தில் வேலை செய்த 'கிளைன்மைஸ்டர்' ஓவியர்களுடையவை. சிறிய அளவில் வரைந்தவர்கள் என்பதால் அந்தப் பெயர். நூலகம் இவற்றை ஸ்கேன் செய்து விக்கிமீடியா காமன்ஸ் என்ற இணையப் படக் களஞ்சியத்தில் பொதுவுடைமையாக ஏற்றியிருக்கிறது. ஆகவே பெர்னுக்குப் போகாமலேயே, ஒவ்வொரு தாளையும் கண்ணருகே வைத்துப் பார்க்கலாம்.

ஆனால் எப்படிப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் இருபது படங்களுக்குள் சலித்துவிடும். எல்லாம் அழகான நீலமலை, அழகான ஏரி. காலண்டர் படம் போலத் தோன்றும். இவை ஓவியமும் இல்லை, வெறும் அச்சும் இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டால்தான் சேகரிப்பு திறக்கும். செப்புத் தகட்டிலிருந்து கோடுகளை மட்டும் அச்சடித்து, மற்ற எல்லாவற்றையும் தூரிகையால் ஒவ்வொரு தாளிலும் தனித்தனியே போட்டார்கள். அதனால் ஒரே தகட்டிலிருந்து வந்த இரண்டு தாள்கள்கூட இரண்டு வேறு படங்கள். ஒன்றில் காலை, மற்றதில் மாலை. ஒன்றில் மரம் தழைத்திருக்கும், மற்றதில் பச்சை மங்கி நீலமாகியிருக்கும்.

இந்த முறையை நிலைநிறுத்தியவர் யோஹான் லுட்விக் ஆபெர்லி. 1723-இல் வின்டர்தூரில் பிறந்து, இளவயதிலேயே பெர்னுக்கு வந்து, உருவப்பட ஓவியராகப் பிழைத்தவர். அந்தக் காலத்தில் ஆல்ப்ஸ் மலை பார்க்க வெளிநாட்டுப் பயணிகள் வரத் தொடங்கியிருந்தார்கள். ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர் 1729-இல் ஆல்ப்ஸைப் பற்றி எழுதிய நெடுங்கவிதை, அதுவரை ஆபத்தாக மட்டுமே தெரிந்த மலைகளைப் போய்ப் பார்க்க வேண்டியவையாக மாற்றியிருந்தது. வந்தவர்கள் கையில் எடுத்துப்போக ஏதாவது வேண்டும். எண்ணெய் ஓவியம் விலை அதிகம், பெட்டிக்குள் அடங்காது. கறுப்பு வெள்ளை அச்சுப் படத்தில் மலையின் நிறம் வராது. ஆபெர்லியின் தாள் இந்த இரண்டுக்கும் நடுவே வந்து உட்கார்ந்தது. 1766-இல் பெர்ன் அரசு அவருக்கு இதற்கான தனியுரிமை கொடுத்தது. 1779-இல் பெர்னுக்கு வந்த ஜெர்மன் கவிஞர் கெதே அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தார்.

செய்முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் தாளில் தெரியும் ஒவ்வொரு குறையும் நிறையும் அதிலிருந்துதான் வருகிறது.

முதலில் வெளியில் உட்கார்ந்து பென்சிலிலோ பேனாவிலோ வரைந்த காட்சி. அதைப் பட்டறையில் செப்புத் தகட்டின் அளவுக்கு மாற்றுவார்கள். ஆபெர்லியின் பெரிய காட்சிகள் சுமார் 20 செ.மீ. உயரமும் 35 செ.மீ. அகலமும் இருக்கும். மெழுகும் குங்கிலியமும் தாரும் கலந்த பூச்சைத் தகட்டில் பூசி, அதன்மேல் ஊசியால் கீறினால் செம்பு வெளித்தெரியும். தகட்டை நைட்ரிக் அமிலத்தில் விட்டால் கீறிய இடத்தை மட்டும் அரிக்கும். எட்சிங் என்பது இதுதான். இதில் ஆபெர்லி செய்த முக்கியமான காரியம், அரிப்பை மிக லேசாக நிறுத்திக்கொண்டது. ஆழமான கோடு கறுப்பாக விழும், வண்ணத்துக்குக் கீழே கம்பிபோல் துருத்தும். லேசான கோட்டில் வெளிர்சாம்பலோ பழுப்போ ஆன மையைத் தேய்த்து அடித்தால், வண்ணம் ஏறியபின் கோடு கிட்டத்தட்டக் கரைந்துவிடும். தூரத்து மலைகளுக்கு அவர் போட்ட கோடு ஒரு மூச்சு அளவுதான்.

இந்த லேசுத்தன்மைக்கு ஒரு விலை உண்டு. ஆழமில்லாத கோடு சீக்கிரம் தேயும். ஒவ்வொரு தாளுக்கும் மையைப் பூசித் துணியால் துடைக்கும்போது செம்பு தேய்ந்துகொண்டே போகும். தேய்ந்த தகட்டைப் பதிப்பாளர் தூக்கியெறிவதில்லை. கோடு தெரியாத குறையை வண்ணத்தைத் தடிமனாகப் போட்டு மூடிவிடலாம். ஆகவே வண்ணம் மொத்தையாக இருக்கும் தாளைப் பார்த்தால் 'எவ்வளவு செழிப்பு' என்று மகிழாமல், கீழே கோடு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். என் கண்ணுக்கு, வண்ணம் குறைவாகவும் கோடு கூர்மையாகவும் உள்ள தாளே இந்த வகையில் மேலானது.

அடுத்த சிக்கல் காகிதம். செப்புத் தகட்டில் அடிக்கக் காகிதம் நனைந்து மெத்தென்று இருக்க வேண்டும், அப்போதுதான் கோட்டுக்குள் இறங்கி மையை எடுக்கும். நீர்வண்ணத்துக்கோ பசை நன்றாக ஏறிய கெட்டிக் காகிதம் வேண்டும், இல்லாவிட்டால் வண்ணம் ஊறிப் பரவும். இரண்டும் ஒரே தாளில் நடக்க வேண்டும் என்பதால், அச்சடித்த தாள்களைப் படிகாரமும் பசையும் கலந்த நீரால் மறுபடி கெட்டிப்படுத்திவிட்டு வண்ணம் போடுவது அக்கால வழக்கம். பசை சரியாக ஏறாத இடத்தில் வானத்தில் திட்டுத்திட்டாக நீலம் உறிஞ்சியிருக்கும். படிகாரம் அமிலத்தன்மை உடையது. அதிகமானால் நூறு ஆண்டு கழித்துக் காகிதம் பழுத்து முறியும்.

வண்ணம் போடும் வரிசையும் தாளிலேயே படிக்கக் கிடைக்கும். ஒளி நிழலுக்கு முதலில் வெளிர் மைப்பூச்சு. பிறகு தாளைச் சாய்த்துவைத்து மேலிருந்து கீழாக வானம். அடிவானத்தில் நீர் கூடி நின்ற இடத்தில் மெல்லிய விளிம்பு தெரியும். பின்பு தூரத்து மலை, நடுவே ஏரியும் ஊரும், கடைசியாக முன்னால் நிற்கும் மரங்கள். அந்த மரங்களின் கருமையான பகுதியில் அரபுக் கோந்தைத் தொட்டுவைப்பார்கள். ஆழமும் பளபளப்பும் வரும். ஸ்கேனில்கூட அந்த இடங்களில் பொடிப்பொடியாக வெடிப்பு தெரிவதைக் காணலாம், ஏனென்றால் காய்ந்த கோந்து காகிதத்தோடு சேர்ந்து விரிந்து சுருங்காது. இந்த வேலையை முழுதும் ஓவியரே செய்யவில்லை. அவர் ஒரு மாதிரித் தாள் செய்து கொடுப்பார், உதவியாளர்கள் அதைப் பார்த்துப் போடுவார்கள். தாளுக்குத் தாள் கை மாறியதற்குக் காரணம் இது.

ஆபெர்லி 1786-இல் இறந்தபின் தொழிலை எடுத்து நடத்தியவர் ஹைன்ரிஷ் ரீட்டர். அவருடைய அருவிகளைத் தவறவிடக் கூடாது. லவுட்டர்புருன்னனில் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்டௌப்பாக் அருவி, கீழே வருவதற்குள் தூவானமாகிவிடும். அதை வரைய வெள்ளை வண்ணம் தேவையில்லை. பாறையை மட்டும் தீட்டி, அருவியைக் காகிதத்தின் வெண்மையாகவே விட்டுவிடுவார்கள். ஓரங்களில் மட்டும் ஈரத்தூரிகையால் மெல்ல இழுத்துவிட்ட சாம்பல். நல்ல தாளில் தண்ணீர் அசைவதுபோலவே இருக்கும். ஆனால் காகிதம் மஞ்சளடித்தால் அருவியும் சேர்ந்து மஞ்சளடிக்கும். இந்த ஒரே அருவியைப் பல ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள் என்பதால், முதல்முறை பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது: ஓவியர் பெயரை விட்டுவிட்டு இடத்தின் பெயரை வைத்துத் தேடுங்கள். ஸ்டௌப்பாக், கீஸ்பாக், ரைன் அருவி, தூன் ஏரி. எட்டுப் பத்து தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யார் கண்ணால் பார்த்தார், யார் மற்றவர் படத்தைப் பார்த்தார் என்பது விளங்கத் தொடங்கும்.

அடுத்த தலைமுறையில் முறை மாறுகிறது. தந்தை கப்ரியேல் லோரியும் மகன் கப்ரியேல் லோரியும் (தந்தை 1763–1840, மகன் 1784–1846) அக்வாடின்ட்டுக்குப் போனார்கள். குங்கிலியப் பொடியைத் தகட்டில் தூவிச் சூடுகாட்டினால் ஒவ்வொரு துகளும் ஒட்டிக்கொள்ளும். அமிலம் துகள்களுக்கு இடையில் மட்டும் அரிக்கும். அச்சில் அது சாம்பல்நிறப் பரப்பாக விழும். நிழலைத் தூரிகையால் போட வேண்டிய வேலை குறைந்தது. ஜெனீவாவிலிருந்து சிம்ப்ளான் கணவாய் வழியாக மிலான் வரை அவர்கள் வரைந்த 35 காட்சிகள் 1811-இல் வெளிவந்தன. நெப்போலியன் போட்ட புதிய சாலை அந்தத் தாள்களில் ஒரு கதாபாத்திரம்போல வந்துகொண்டே இருக்கும்.

அக்வாடின்ட்டைத் தமிழ்நாட்டு வாசகர்கள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-இல் சென்னைக்கு வந்து தெற்கே போய் வரைந்த மதுரை, திருச்சி, பாபநாச அருவிக் காட்சிகள் இந்த முறையில் அச்சாகிக் கையால் வண்ணம் பெற்றவைதான். 1795 முதல் 1808 வரை வந்த அந்த 144 தாள்களையும் ஆபெர்லியின் தாள்களையும் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். டேனியலின் நிழல் வலைப்பின்னல்போன்ற பொடிக் கோடுகளால் ஆனது. ஆபெர்லியின் நிழலில் அந்தப் பொடி கிடையாது, தூரிகை நின்ற ஓரம் மட்டுமே இருக்கும். தற்கால மறுஅச்சு என்றால் லென்ஸில் ஒழுங்கான வண்ணப் புள்ளிகள் வரிசைகட்டி நிற்கும். வீட்டில் பழைய படம் வைத்திருப்பவர்கள் விலை கேட்டு அலைவதற்குமுன் இந்த ஒரு சோதனையைச் செய்துகொள்ளலாம்.

மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது: நிறங்களையே அச்சடிப்பது. காஸ்பர் வோல்ஃப் பனிமலைகளுக்குள்ளேயே போய் வரைந்தவர். பெர்ன் பதிப்பாளர் ஆபிரகாம் வாக்னர் அவரிடம் ஏறத்தாழ 200 ஓவியங்களை வாங்கித் தன் காட்சியறையில் வைத்திருந்தார். அவற்றிலிருந்து 10 தாள்கள் ஹாலரின் முன்னுரையோடு வந்தன. பிறகு பாரிஸில் ழானினே, தெகூர்த்தி போன்றவர்களைக்கொண்டு பல தகடுகளால் நிறங்களையே அச்சடித்தார்கள். அதில் தகடுகள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் மலை விளிம்பில் இரண்டாவது நிறம் எட்டிப்பார்க்கும். வோல்ஃப் 1783-இல் வறுமையில் இறந்தார். அவரளவுக்குப் பனிப்பாறையை நேர்மையாகப் பார்த்தவர் இந்தக் கூட்டத்தில் வேறு யாரும் இல்லை என்பது என் முடிவு.

ஃபிரான்ஸ் நிக்லாஸ் கூனிக் பற்றி ஒரு வரியாவது சொல்லாமல் போக மனமில்லை. காகிதத்தின் இருபுறமும் தீட்டி, சில இடங்களைச் சுரண்டி மெலிதாக்கி, இருட்டறையில் பின்னாலிருந்து விளக்கு வைத்துக் காட்டினார். நிலவொளியும் மலைமேல் மாலைச் செம்மையும் உண்மையிலேயே ஒளிரும். 1815-இல் பெர்னில் தொடங்கிய காட்சி அது.

இனி, தாள்கள் எப்படிக் கெடுகின்றன என்பது. இதைத் தெரிந்துகொள்ளாமல் நிறத்தைப் பற்றிப் பேசவே முடியாது. அக்காலப் பச்சை பெரும்பாலும் கலவைப் பச்சை: பிரஷ்ய நீலம் அல்லது அவுரி நீலத்தோடு கம்போஜ் என்ற மரப்பிசின் மஞ்சள். வெளிச்சத்தில் முதலில் போவது மஞ்சள். பல ஆண்டு சுவரில் மாட்டியிருந்த தாளில் புல்வெளியெல்லாம் நீலமாக இருப்பதற்கு ஓவியரின் கற்பனை காரணமில்லை, மஞ்சள் போய்விட்டது அவ்வளவுதான். மாலை வானத்தின் கார்மைன் சிவப்பும் அப்படியே. செம்மை போனபின் மாலைக்காட்சி பட்டப்பகலாகிவிடும். பிரஷ்ய நீலம் வெளிச்சத்தில் வெளுத்தாலும் இருட்டில் வைத்தால் ஓரளவு திரும்பிவரும். ஆனால் காரத்தன்மை பட்டால் பழுப்பாகும். அதனால் பழைய நீர்வண்ணத் தாள்களுக்குக் காரம் சேர்த்த மவுண்ட் அட்டையை (சட்டத்துக்குள் படத்தைத் தாங்கும் அட்டை) கண்ணைமூடிக்கொண்டு வைக்கக் கூடாது.

பனியை ஈய வெள்ளையால் தீட்டிய தாள்களில் வேறு நோய். காற்றிலுள்ள கந்தக வாயுவோடு சேர்ந்து ஈய சல்ஃபைடாகிப் பனிச்சிகரம் கறுத்துப்போகும். தூரத்தில் பார்த்தால் பாறை என்று நினைப்போம். பயிற்சிபெற்ற பாதுகாப்பாளர் ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு அதை மறுபடி வெள்ளையாக்க முடியும். ரைன் அருவிப் பக்கம் தொழில் நடத்திய புளூலர் குடும்பத்தின் கெட்டிப்பூச்சு ஓவியங்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள். தாமிரப் பச்சை பூசிய இடம் பழுப்பாகிக் காகிதத்தையே அரித்துவிடும். பின்பக்கத்திலும் பழுப்புத் தெரிந்தால் சந்தேகமில்லை.

இவை போதாதென்று மனிதக் கைகள். புள்ளிகளை நீக்கக் குளோரினில் வெளுத்த தாள் அளவுக்குமீறிய வெள்ளையாகவும் தொட்டால் துவண்டும் இருக்கும். மட்டமான அட்டையை ஜன்னல்போல் வெட்டி மாட்டியிருந்தால் படத்தைச் சுற்றிப் பழுப்புக் கோடு விழுந்திருக்கும். ஓரத்தை வெட்டி அட்டையில் ஒட்டியிருந்தால் தகடு அழுந்திய தடமும் அடியிலிருந்த எழுத்தும் போயிருக்கும். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த வெட்டுதான். நிறம் போனாலும் கோடு மிஞ்சும். எழுத்து போனால் யார் வரைந்தார், யார் செதுக்கினார், எங்கே விற்றார்கள் என்ற விவரமே போய்விடும்.

அந்த விவரம் ஏன் முக்கியம் என்றால், காட்சிக்கு ஒரு தேதி, தகட்டுக்கு ஒரு தேதி, தாளுக்கு ஒரு தேதி, வண்ணத்துக்கு ஒரு தேதி. நான்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆபெர்லி இறந்த பிறகும் அவருடைய தகடுகளிலிருந்து தாள் எடுக்கத் தடையில்லை. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வாட்டர்மார்க் தெரியும். ஆங்கிலேய வாட்மன் காகிதத்தில் 1794 முதல் ஆண்டும் சேர்ந்து வருவது வழக்கமானது. ஆபெர்லி பெயர் போட்ட தாளில் 1801 என்று இருந்தால், அவர் கை அதில் படவில்லை என்று அடித்துச் சொல்லலாம். வண்ணத்துக்கும் இப்படிச் சான்றுகள் உண்டு. கோபால்ட் நீலம் 1802-க்குப் பிந்தியது, செயற்கை அல்ட்ராமரின் 1828-க்குப் பிந்தியது, நீர்வண்ணத்தில் துத்தநாக வெள்ளை 1834-இலிருந்து. புறஊதா விளக்கில் துத்தநாக வெள்ளை மஞ்சள்பச்சையாக ஒளிரும். வெறுங்கண்ணுக்கான அடையாளம் இன்னும் எளிது: மடிப்பு விழுந்த இடத்தில் வண்ணம் உள்ளே இறங்கிக் கருத்திருந்தால், மடிந்த பிறகு யாரோ வண்ணம் போட்டிருக்கிறார்கள். நிறமில்லாத பழைய அச்சுக்குப் பிற்காலத்தில் வண்ணம் பூசி விற்பது இந்த வணிகத்தில் சாதாரணமாக நடக்கும்.

இந்தத் தேதிகளைக் கலக்காமல் வைத்துக்கொண்டால் பழைய தாள் அறிவியலுக்கும் உதவும். கிரிண்டல்வால்டின் கீழ்ப் பனிப்பாறை 1855–56 வாக்கில் ஊருக்கு அருகே வரை நீண்டிருந்தது, இன்று பள்ளத்தாக்கின் இடுக்குக்குள் பின்வாங்கிவிட்டது. அளவைக் கருவிகள் வருவதற்கு முந்திய அதன் நீளத்தைக் கணக்கிட ஆய்வாளர்கள் ஓவியங்களையே எடுத்துக்கொண்டார்கள். அதில் சாமுவேல் பீர்மன் 1826-இல் நேரில் வரைந்த கோட்டோவியத்துக்கு இருக்கும் மதிப்பு, பட்டறையில் வண்ணம் போட்ட விற்பனைத் தாளுக்கு இல்லை. விற்பனைத் தாளில் சிகரத்தை உயர்த்துவார்கள், முன்னால் ஆடு மேய்ப்பவரைச் சேர்ப்பார்கள், சில நேரம் தகட்டில் நேராகவே வரைந்துவிட்டதால் காட்சி இடவலமாகத் திரும்பியிருக்கும். தேவாலயக் கோபுரம், ஆறு வளையும் திசை, கோட்டை இருக்கும் கரை ஆகிய மூன்றையும் வரைபடத்தோடு ஒத்துப்பார்த்தால் திரும்பியது தெரிந்துவிடும்.

காமன்ஸில் பார்க்கும்போது சிறிய படத்தோடு நிற்காமல் மூலக் கோப்பையே இறக்குங்கள். முதலில் ஓரங்கள்: தகட்டுத் தடம் இருக்கிறதா, எழுத்து முழுதா. அடுத்து அடிவானம்: கோடு தெரிகிறதா, பொடி தெரிகிறதா. பிறகு முன்புற மரத்தின் நிழல். ஓவியர் பெயர்களை ரோமன் எழுத்தில் தேடுங்கள், அருவிக்கும் ஊருக்கும் பிரெஞ்சுப் பெயரும் ஜெர்மன் பெயரும் உண்டு என்பதால் இரண்டையும் போட்டுப் பாருங்கள். பீல் ஏரிக்கரையிலுள்ள எர்லாக் ஊரை ஆபெர்லியின் தாளில் செர்லியே என்றுதான் காண்பீர்கள். அச்செடுத்து மாட்ட நினைப்பவர்கள் தாராளமாக மாட்டலாம், உரிமைத் தொகை எதுவும் இல்லை. உண்மையான பழைய தாள் கையில் இருப்பவர்கள் மட்டும் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் படாத சுவரைத் தேர்ந்து, மூன்று மாதம் மாட்டிவிட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். கண்ணாடியில் தாள் ஒட்டாதபடி நடுவே மவுண்ட் இருக்கட்டும். நம் ஊர் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிய கோந்தைப் பிரிக்கப் பார்த்தால் படத்திலுள்ள மரம் கண்ணாடியோடு வந்துவிடும்.